சீட்டு ஒன்று, சட்டம் பல: மாநிலச் சூதாட்டச் சட்டங்களின் விதிவிலக்குகள் காட்டுவது என்ன?

புதுடெல்லி: கொல்கத்தாவில் நால்வர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து பணம் வைத்து ரம்மி ஆடினால், மேற்கு வங்கச் சட்டத்தின்படி அது சூதாட்டம் ஆகாது. அதே நால்வர் அதே சீட்டுக்கட்டைக் கொண்டு ஐதராபாத்தில் பணம் வைத்து ஆடினால், தெலங்கானா சட்டம் அதைக் குற்றமாகக் கருதுகிறது. கோவாவின் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பலுக்குள் நடக்கும் சீட்டாட்டம், மாநில அரசின் உரிமம் பெற்ற தொழில். கைப்பேசிச் செயலி வழியாகப் பணத்துக்கு ரம்மி நடத்துவோருக்கோ, 2025-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது.

இந்தியாவில் சூதாட்டத்துக்குப் பொதுவான தடை உள்ளது என்ற கருத்து பரவலாக நிலவுகிறது. தடை இருப்பது உண்மையே. ஆனால், நடைமுறையில் எது குற்றம், எது தொழில் என்பதைத் தீர்மானிப்பவை அத்தடைக்கு வழங்கப்பட்டுள்ள விதிவிலக்குகளே. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். ஆடுபவருக்கு ஏற்படும் தீங்கின் அளவைக் கொண்டு இந்த விதிவிலக்குகள் வகுக்கப்படவில்லை. ஆட்டத்தின் வகை, ஆடும் இடம், வருவாயைப் பெறுபவர் யார் என்ற மூன்று அளவுகோல்களே எல்லைக் கோட்டை வரைந்துள்ளன.

அந்தக் கோடு செல்லுமா என்ற கேள்வி இப்போது உச்ச நீதிமன்றத்தின் முன் உள்ளது. அதன் விடை, இணையவழி விளையாட்டு நிறுவனங்களை மட்டுமன்றி, மாநிலங்களின் அதிகாரத்தையும் கடனில் சிக்கிய குடும்பங்களையும் நேரடியாகப் பாதிக்கும்.

மாநிலங்களின் கையில் ஏன்?

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 34-ஆவது பதிவாக 'பந்தயமும் சூதாட்டமும்' இடம்பெற்றுள்ளது. ஆகவே, இது குறித்துச் சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றங்களுக்கு உரியது. மத்திய அரசோ மாநில அரசோ நடத்தும் லாட்டரி மட்டும் மத்தியப் பட்டியலின் 40-ஆவது பதிவின்கீழ் வருகிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1867-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டமே இத்துறையின் மூலச் சட்டம். சூதாட்ட விடுதி நடத்துபவருக்கு 200 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதங்கள் வரை சிறை, அங்கு ஆடுவோருக்கு 100 ரூபாய் வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை என்பதே அச்சட்டம் விதித்த தண்டனை. பல மாநிலங்கள் இச்சட்டத்தைத் திருத்தங்களுடன் ஏற்றுக்கொண்டன. மற்றவை தனிச் சட்டம் இயற்றிக்கொண்டன. 1887-ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டம், தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம், ஒடிசாவின் 1955-ஆம் ஆண்டுச் சட்டம், மேற்கு வங்கத்தின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம், கேரளத்தின் 1960-ஆம் ஆண்டுச் சட்டம், அசாமின் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவை அவ்வகையில் குறிப்பிடத்தக்கவை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-ஆவது பிரிவு, குழுவாகச் சேர்ந்து நடத்தும் 'அங்கீகாரமற்ற' பந்தயத்தையும் சூதாட்டத்தையும் சிறு அளவிலான அமைப்புசார் குற்றமாக வகைப்படுத்துகிறது. 'அங்கீகாரமற்ற' என்ற சொல்லே, எதை அங்கீகரிப்பது என்ற முடிவை மீண்டும் மாநிலச் சட்டங்களிடம் கொண்டு சேர்க்கிறது.

முதல் விதிவிலக்கு: திறன்

1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு ஒரே ஒரு வாக்கியம் கொண்டது. வெறும் திறனை மட்டும் சார்ந்த விளையாட்டு எங்கு ஆடப்பட்டாலும் அதற்குச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் பொருந்தா என்பதே அதன் சாரம். தமிழ்நாட்டுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு உட்படப் பெரும்பாலான மாநிலச் சட்டங்களில் இதே விதிவிலக்கு இடம்பெற்றது. பல ஆயிரம் கோடி ரூபாய் மதிப்புள்ள ஒரு தொழில்துறை பிற்காலத்தில் இந்த ஒற்றை வாக்கியத்தின்மீதே எழுந்தது.

'திறன்' என்றால் என்ன என்பதை நீதிமன்றங்கள் படிப்படியாக வரையறுத்தன. ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா தொடர்பான வழக்குகளில் 1957-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சூதாட்டம் வணிகம் ஆகாது எனவும், அதற்கு அரசமைப்பின் 19-ஆவது உறுப்பு வழங்கும் தொழில் உரிமையின் பாதுகாப்பு கிடையாது எனவும் கூறியது. அதே நேரத்தில், வெற்றி பெருமளவு திறனைச் சார்ந்திருக்கும் போட்டிகள் சூதாட்டம் அல்ல என்றும் பிரித்துக் காட்டியது.

1968-ஆம் ஆண்டில் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில், ரம்மி முதன்மையாகத் திறன் சார்ந்த ஆட்டம் என உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்திருப்பதும், எதைப் பிடிப்பது, எதைக் கழிப்பது என முடிவெடுப்பதும் திறனைக் கோருகின்றன என்பது அதன் காரணம். மூன்று சீட்டு ஆட்டத்தை இதிலிருந்து நீதிமன்றம் வேறுபடுத்தியது. அது முழுக்க அதிர்ஷ்டத்தைச் சார்ந்தது என்றது.

அத்தீர்ப்பில் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு நிபந்தனையும் உள்ளது. பணம் வைத்து ஆடும் ரம்மியிலிருந்து மன்றத்தின் உரிமையாளர் இலாபம் ஈட்டினால், அது குற்றமாகக் கருதப்பட இடமுண்டு என நீதிபதிகள் குறிப்பிட்டனர். மேசைக்கும் சீட்டுக்கட்டுக்கும் வசூலிக்கும் சிறு கட்டணம் இலாபம் ஆகாது என்பதாலேயே அவ்வழக்கில் மன்றம் தப்பியது. ஒவ்வோர் ஆட்டத்திலும் பந்தயத் தொகையில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும் இணைய நிறுவனத்துக்கு இந்த நிபந்தனை எவ்வாறு பொருந்தும் என்ற வினா, பிற்கால வழக்குகளில் மீண்டும் மீண்டும் எழுந்தது.

திறன் என்னும் அளவுகோல் நாடு முழுவதும் ஒரே விடையைத் தரவில்லை என்பதற்குப் போக்கர் ஆட்டமே சான்று. மேற்கு வங்கச் சட்டம் பிரிட்ஜ், ரம்மி ஆகியவற்றுடன் போக்கரையும் பெயர் குறிப்பிட்டுச் சூதாட்டத்தின் வரையறையிலிருந்து விலக்குகிறது. நாகாலாந்தின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சதுரங்கம், சுடோகு ஆகியவை இடம்பெற்ற திறன் விளையாட்டுகளின் பட்டியலில் போக்கரையும் சேர்த்து உரிமம் வழங்குகிறது. ஆனால், 2017-இல் குஜராத் உயர் நீதிமன்றம் போக்கரை அதிர்ஷ்டம் சார்ந்த ஆட்டமாகவே கருதி, அதற்கு அனுமதி மறுத்தது. மாநில எல்லையைத் தாண்டினால் ஆட்டத்தின் இயல்பே மாறிவிடுவது போன்ற நிலை இது.

ஒடிசா, அசாம் ஆகிய மாநிலச் சட்டங்களில் திறன் விளையாட்டுக்கான இந்த விதிவிலக்கு தொடக்கம் முதலே இல்லை. தெலங்கானா 2017-இலும் ஆந்திரப் பிரதேசம் 2020-இலும் தத்தம் சட்டங்களைத் திருத்தி, பணம் வைத்து ஆடும் திறன் விளையாட்டுகளையும் தடைக்குள் கொண்டுவந்தன.

இரண்டாவது விதிவிலக்கு: குதிரைப் பந்தயம்

பெரும்பாலான மாநிலச் சட்டங்கள் சூதாட்டத்தை வரையறுக்கும்போதே குதிரைப் பந்தயத்தை விலக்கி வைக்கின்றன. பந்தயம் நடைபெறும் நாளில், உரிமம் பெற்ற மைதானத்தின் குறிப்பிட்ட பகுதிக்குள் பணம் கட்ட வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. அதே குதிரையின்மீது மைதானத்துக்கு வெளியே தேநீர்க் கடையில் பணம் கட்டினால் அது குற்றமாகும்.

குதிரைப் பந்தயத்துக்குச் சட்டம் காட்டும் தனிச் சலுகை பழைமையானது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, பந்தய ஒப்பந்தங்கள் செல்லாது என்கிறது. பந்தயத்தில் வென்ற தொகையை வழக்குத் தொடுத்து வசூலிக்க இயலாது. அதே பிரிவு, குதிரைப் பந்தய வெற்றியாளருக்கு வழங்கும் 500 ரூபாய்க்குக் குறையாத பரிசுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. ஆட்சியாளர்களின் பொழுதுபோக்கு எது என்பதை அன்றைய சட்டப் புத்தகமே காட்டிக்கொடுக்கிறது.

தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தைத் தடை செய்ய முயன்றபோது, அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த நீதிமன்றம், குதிரையின் வம்சம், பயிற்சி, ஓட்டுபவரின் தேர்ச்சி, ஓடுதளத்தின் தன்மை ஆகியவற்றை ஆராய்ந்தே பணம் கட்டப்படுவதால் குதிரைப் பந்தயம் திறன் சார்ந்தது என்று அறிவித்தது. தானே களத்தில் இறங்கி ஆடாதவர், பிறரது ஆட்டத்தைக் கணித்துப் பணம் கட்டுவதும் திறனே என்ற வாதத்துக்கு இத்தீர்ப்பு வழி திறந்தது. கற்பனை அணிகளை அமைத்து ஆடும் கிரிக்கெட் செயலிகள் பிற்காலத்தில் இத்தீர்ப்பையே தங்கள் அரணாகக் கொண்டன. 2017-இல் பஞ்சாப்–ஹரியாணா உயர் நீதிமன்றம் அவ்வகைச் செயலி ஒன்றைத் திறன் விளையாட்டாக ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது விதிவிலக்கு: இடம்

கோவா, டாமன், டையூவுக்கான 1976-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் முதலில் தடைச் சட்டமாகவே இருந்தது. 1992-இல் அதில் சேர்க்கப்பட்ட பிரிவு, ஐந்து நட்சத்திர விடுதிகளில் சூதாட்ட இயந்திரங்களை அனுமதித்தது. 1996-இல் வந்த திருத்தம், கரைக்கு அப்பால் நிற்கும் கப்பல்களில் மேசை ஆட்டங்களையும் அனுமதித்தது. திறனா, அதிர்ஷ்டமா என்ற கேள்வி இங்கு எழவே இல்லை. சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் நிற்கும் என்பதில் எத்திறனும் இல்லை. ஆயினும் அது நடைபெறும் இடம் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது.

2020 பிப்ரவரி முதல், கோவாவைச் சேர்ந்தவர்கள் கேசினோக்களுக்குள் சென்று ஆடுவதற்கு மாநில அரசு தடை விதித்தது. தொழில் தீங்கற்றது என்று அரசு கருதியிருந்தால், சொந்த மக்களை அதிலிருந்து விலக்கி வைக்க வேண்டிய தேவை எழுந்திருக்காது. வருவாய் உள்ளே வர வேண்டும்; இழப்பு வெளியூர்க்காரருடன் வெளியேற வேண்டும் என்ற கணக்கை இந்த ஏற்பாடு ஒளிவுமறைவின்றி வெளிப்படுத்துகிறது.

சிக்கிம் 2002-இல் கேசினோக்களுக்கும், 2008-இல் இணையவழி விளையாட்டுகளுக்கும் தனித்தனிச் சட்டங்களை இயற்றியது. பின்னர், 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இணையவழி அனுமதியை மாநில எல்லைக்குள் சுருக்கிக்கொண்டது. மகாராஷ்டிரத்தின் கதை வேறு. அங்கு 1976-இல் நிறைவேற்றப்பட்ட கேசினோ சட்டம் ஒரு நாள்கூட நடைமுறைக்கு வராமலேயே 2023-இல் நீக்கப்பட்டது. மேகாலயாவில் கேசினோக்களுக்கு இடமளிக்கும் வகையில் 2021-இல் இயற்றப்பட்ட சட்டம், தேவாலயங்கள், குடிமக்கள் அமைப்புகள் ஆகியவற்றின் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது.

அதே மேகாலயாவில் 'தீர்' எனப்படும் வில்வித்தைப் பந்தயம் சட்டப்படி நடைபெறுகிறது. வைக்கோல் இலக்கை நோக்கி வில்லாளர்கள் அம்புகளை எய்வர்; இலக்கில் தைத்த அம்புகளின் மொத்த எண்ணிக்கையின் கடைசி இரண்டு இலக்கங்களைச் சரியாகச் சொன்னவருக்குப் பரிசு. 1982-இல் கேளிக்கை, பந்தய வரிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் இதற்கு உரிமமும் வரியும் வகுத்தது. எய்பவருக்குத் திறன் தேவை; எண்ணைச் சொல்பவருக்கு அதிர்ஷ்டமே துணை. ஆயினும், இங்கு விதிவிலக்கு பிறந்தது மரபிலிருந்தும் வரியிலிருந்தும்தான்.

நான்காவது விதிவிலக்கு: அரசே நடத்துநர்

லாட்டரியில் திறனுக்குச் சிறிதும் இடமில்லை. எனினும், அதை அரசு நடத்தினால் குற்றமில்லை. 1998-ஆம் ஆண்டின் லாட்டரி (ஒழுங்குமுறை) சட்டத்தின்படி, சீட்டை மாநில அரசே அச்சிட வேண்டும். விற்பனைத் தொகை அரசுக் கணக்கில் சேர வேண்டும். ஒற்றை இலக்கத்தின் அடிப்படையில் பரிசு வழங்கக் கூடாது. தன் எல்லைக்குள் பிற மாநிலச் சீட்டுகள் விற்கப்படுவதைத் தடை செய்யவும் அச்சட்டத்தின் 5-ஆவது பிரிவு மாநிலங்களுக்கு அதிகாரம் அளிக்கிறது.

பி.ஆர். எண்டர்பிரைசஸ் வழக்கில் 1999-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசு நடத்துவதால் மட்டும் லாட்டரியின் சூதாட்டத் தன்மை மாறிவிடாது என்று தெளிவுபடுத்தியது. தன் லாட்டரியை நடத்திக்கொண்டே பிற மாநில லாட்டரிகளை ஒரு மாநிலம் தடை செய்ய இயலாது எனவும், லாட்டரியே இல்லாத மாநிலமாக இருக்க முடிவு செய்தால் மட்டுமே அவ்வாறு தடுக்கலாம் எனவும் கூறியது. தமிழ்நாடு 2003-இல் அந்த வழியைத் தேர்ந்தெடுத்து எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. அண்டை மாநிலமான கேரளம் 1967-இல் தொடங்கிய லாட்டரித் துறையை இன்றும் நடத்தி வருகிறது. அங்கு லாட்டரி வருவாயிலிருந்து 'காருண்யா' திட்டத்தின்கீழ் ஏழை நோயாளிகளுக்குச் சிகிச்சை உதவி வழங்கப்பட்டது. சீட்டு விற்பனையை வாழ்வாதாரமாகக் கொண்டோரில் மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் பலர்.

லாட்டரிக்கு ஆதரவான இவ்வாதத்தைப் புறந்தள்ள இயலாது. தடை செய்தால் ஆட்டம் நின்றுவிடாது, கள்ளச் சந்தைக்கு மாறும் என்பதும் உண்மையே. அதே வேளையில், அன்றாடக் கூலியின் ஒரு பகுதியைச் சீட்டில் செலவிடும் தொழிலாளியின் இழப்பு, அதை விற்பவர் அரசு என்பதால் குறைந்துவிடுவதில்லை.

வரி காணாத வேறுபாடு

சட்டம் இவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கும் ஆட்டங்களை வரி அமைப்பு ஒன்றாகவே பார்க்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் இணையவழிப் பண விளையாட்டு, கேசினோ, குதிரைப் பந்தயம் ஆகியவற்றில் கட்டப்படும் முழுத் தொகைக்கும் 28 சதவீத சரக்கு–சேவை வரி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி மன்றம், லாட்டரியையும் உள்ளடக்கி இவை அனைத்துக்குமான விகிதத்தை 40 சதவீதமாக உயர்த்தியது. வென்ற தொகைக்கு 30 சதவீத வருமான வரி உண்டு. ஆட்டம் திறன் சார்ந்ததா இல்லையா என்பதால் அவ்விகிதம் மாறுவதில்லை.

இணையத்தின் முன் தோற்ற மாநிலங்கள்

கைப்பேசி வழியாக ரம்மி வீட்டுக்குள் நுழைந்தபோது, பழைய விதிவிலக்குகள் எதிர்பாராத சுமையைத் தாங்க வேண்டியதாயிற்று. மன்றத்துக்குக் கதவும் மூடும் நேரமும் உண்டு. எதிரில் அமர்ந்திருப்பவர் யார் என்பது தெரியும். தோற்பவரை எழுந்து வீட்டுக்குப் போகச் சொல்ல நண்பர் ஒருவரேனும் இருப்பார். கைப்பேசியில் இவை எவையும் இல்லை. ஆட்டம் நள்ளிரவிலும் தொடரும். சிறு தொகையாகத் தொடங்கும் இழப்பைக் கடன் செயலிகள் பெருக்கும்.

தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வெளியானதைத் தொடர்ந்து மாநிலங்கள் தடை விதிக்க முற்பட்டன. அவை நீதிமன்றங்களில் நிலைக்கவில்லை. தமிழ்நாட்டின் 2021-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தை அவ்வாண்டு ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இணையவழி ரம்மிக்கு எதிரான கேரள அரசின் அறிவிக்கையை அதே ஆண்டு செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. கர்நாடகத்தின் திருத்தச் சட்டம் 2022 பிப்ரவரி 14 அன்று வீழ்ந்தது. காரணம் ஏறக்குறைய ஒன்றே: மாநிலங்களுக்கு அதிகாரம் தரும் 34-ஆவது பதிவில் உள்ள 'சூதாட்டம்' என்ற சொல் அதிர்ஷ்டம் சார்ந்த ஆட்டங்களையே குறிக்கும், திறன் விளையாட்டை அப்பெயரால் முற்றிலும் தடை செய்ய இயலாது.

இதன் பின்னர்த் தமிழ்நாடு வேறு பாதையை மேற்கொண்டது. ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைப் பெற்று, 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பிய அச்சட்ட முன்வடிவு 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றப்பட்டு, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்ட பகுதியை ஏற்கவில்லை. ஆனால், திறன் விளையாட்டுகளையும் ஒழுங்குபடுத்த மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றது.

அந்த அடிப்படையில் 2025 பிப்ரவரியில் விதிமுறைகள் வெளியாயின. நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை பண விளையாட்டுக்கு அனுமதியில்லை; ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். இவ்விதிமுறைகளை 2025 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. ஆட்டத்துக்கு என்ன பெயர் என்பதை விடுத்து, அது எந்த நேரத்தில், யாரிடம், எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதைச் சட்டம் கேட்கத் தொடங்கியது இங்குதான். தீங்கை அளவுகோலாகக் கொண்ட முதல் முயற்சிகளுள் ஒன்றாக இதைக் கருதலாம்.

நாடாளுமன்றத்தின் குறுக்கீடு

அம்முயற்சி வேரூன்றுவதற்குள் காட்சி மாறியது. இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்ட முன்வடிவு 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். ஆண்டுதோறும் சுமார் 45 கோடிப் பேர் ஏறத்தாழ 20,000 கோடி ரூபாயை இத்தகைய விளையாட்டுகளில் இழக்கின்றனர் என்ற மதிப்பீட்டை அரசுத் தரப்பு முன்வைத்தது.

திறன், அதிர்ஷ்டம் அல்லது இரண்டும் கலந்தது என எவ்வகையாயினும், பணம் கட்டிப் பணம் வெல்லும் எதிர்பார்ப்பில் ஆடப்படும் இணையவழி விளையாட்டு அனைத்தையும் இச்சட்டம் தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை அல்லது ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். பணப் பரிமாற்றத்துக்கு உதவும் வங்கிகளுக்கும் பொறுப்பு உண்டு. ஆடுபவர் பாதிக்கப்பட்டவராகவே கருதப்படுகிறார். அவருக்கு இச்சட்டத்தில் தண்டனை இல்லை. மின்-விளையாட்டுப் போட்டிகளுக்கு அங்கீகாரம் வழங்கப்பட்டுள்ளது.

1867 முதல் நிலவிய திறன் விதிவிலக்கு இதன்மூலம் இணைய வெளியில் மட்டும் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. மேசையில் அது தொடர்கிறது. குதிரைப் பந்தய மைதானம், மாண்டவி ஆற்றுக் கப்பல், மாநில லாட்டரிக் கடை ஆகியவையும் முன்போலவே இயங்குகின்றன. திறன் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் ஏற்ற ரம்மி செயலியில் தடை செய்யப்பட, திறனுக்கே இடமில்லாத சுழல் சக்கரம் கப்பலில் உரிமத்துடன் சுழல்கிறது.

நீதிமன்றத்தின் முன் உள்ள கேள்விகள்

கர்நாடகம், டெல்லி, மத்தியப் பிரதேசம் ஆகிய உயர் நீதிமன்றங்களில் இச்சட்டத்துக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட மனுக்களை 2025 செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. வழக்கின் மையத்தில் இரண்டு கேள்விகள் உள்ளன.

முதலாவது, அதிகாரம் யாருக்கு என்பது. சூதாட்டம் மாநிலப் பட்டியலில் இருக்கும்போது நாடாளுமன்றம் எவ்வாறு தடை விதிக்கலாம் என்று எதிர்ப்போர் கேட்கின்றனர். இணையத்துக்கு மாநில எல்லை இல்லை, அயல்நாட்டிலிருந்து இயங்கும் செயலிகளை ஒரு மாநிலம் தனியே தடுக்க இயலாது, பணப் பரிமாற்றமும் தகவல் தொடர்பும் மத்திய அரசின் பொறுப்பு என்பது அரசுத் தரப்பின் நிலைப்பாடு. இதில் ஒரு முரணும் அடங்கியுள்ளது. திறன் விளையாட்டு 'சூதாட்டம்' அல்ல என்று வாதிட்டே மாநிலச் சட்டங்களை நிறுவனங்கள் வீழ்த்தின. அவ்வாறாயின் அது மாநிலப் பட்டியலின் 34-ஆவது பதிவுக்குள் வராது என்ற முடிவு, நாடாளுமன்றத்தின் கைகளையே வலுப்படுத்தக்கூடும்.

இரண்டாவது, தொழில் உரிமை. அதிர்ஷ்ட ஆட்டத்துக்கு அரசமைப்பின் பாதுகாப்பு இல்லை. திறன் விளையாட்டுக்கு உண்டு என்பது 1957 முதல் நிலைபெற்ற கருத்து. அவ்வாறிருக்க, ஒழுங்குமுறை போதாது, முழுத் தடைதான் தேவை என்பதை அரசு நிறுவ வேண்டியிருக்கும். தமிழ்நாட்டின் நேரக் கட்டுப்பாடும் அடையாளச் சரிபார்ப்பும் இங்கு இரு தரப்புக்கும் பயன்படும் சான்று. குறைந்த கட்டுப்பாடே போதும் என்று ஒரு தரப்பு அதைக் காட்டலாம். தீங்கு உண்மையானது என்று நீதிமன்றமே ஏற்றுள்ளதாக மறுதரப்பு காட்டலாம்.

பயனாளர் அறிய வேண்டியவை

வழக்கின் முடிவு எவ்வாறாயினும், சில செய்திகள் இப்போதே தெளிவானவை. 'திறன் விளையாட்டு' என்று ஒரு செயலி தன்னை அறிவித்துக்கொள்வது, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டில் இனி அதற்குக் கவசம் ஆகாது. ஒரு மாநிலத்தில் பெற்ற உரிமம் மற்றொரு மாநிலத்தில் தானாகச் செல்லுபடியாகாது. தடையை மீறி அயல்நாட்டுத் தளங்களில் பணம் கட்டுவோருக்கு, வென்ற தொகை வந்து சேராவிட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு குறுக்கே நிற்பதால் நீதிமன்றத்தை நாடிப் பெறும் வழி இல்லை. ஆட்டத்துக்காக வாங்கிய கடன், ஆட்டம் தடை செய்யப்பட்டதால் தள்ளுபடி ஆவதும் இல்லை.

உச்ச நீதிமன்றம் புதிய சட்டத்தை உறுதி செய்தால், திறன் என்ற சொல் தன் பழைய வலிமையை இழக்கும். ரம்மிக்கு மறுக்கப்படுவது கேசினோவுக்கும் லாட்டரிக்கும் ஏன் வழங்கப்படுகிறது என்ற கேள்வி மாநில அரசுகளை நோக்கித் திரும்பும். சட்டத்தை ரத்து செய்தால், நேரம், வயது, இழப்பு வரம்பு ஆகியவற்றைக் கொண்டு ஒழுங்குபடுத்தும் பொறுப்பு மீண்டும் மாநிலங்களையே சேரும். அதற்கான விதிமுறைகளைப் பல மாநிலங்கள் இன்னும் எழுதவே இல்லை. எந்தத் தீர்ப்பு வந்தாலும், விதிவிலக்கு ஒவ்வொன்றும் யாருடைய இழப்பிலிருந்து யாருக்கு வருவாய் தருகிறது என்பதைச் சட்டமன்றங்கள் வெளிப்படையாக விவாதிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.